பதினொன்றரை பஸ் போன பிறகு

...இல்ல, சோறு வாங்கத்தான் வெளிய வந்தேன், அத எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டுதான் பதுளை ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டினேன், மாமிக்கு ஒரு பார்சல், எனக்கு ஒண்ணு, ஒரு தண்ணிப் போத்தல், அவ்வளவுதான், ஆனா முதல் சாப்பாட்டுக் கடை வந்தப்ப கால் நிக்கல, அடுத்த கடையில வாங்கிக்கலாம்னு தோணுச்சு, அடுத்த கடையும் போச்சு, அப்பறம் பஸ் ஸ்டாண்டுப் பக்கமா நடந்துக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது, தெரிஞ்சும் நிக்கல. மாமிய, அதான் என் வீட்டுக்காரரோட அம்மா இராக்கம்மாவ, கிளினிக் வாசல்ல நீளப் பலக வாங்குல ஒக்கார வச்சுட்டு வந்திருந்தேன். கையில நம்பர் எண்பத்தி நாலு, அப்ப முப்பத்தி ஒண்ணுதான் உள்ள போயிருந்துச்சு. பக்கத்துல ஹம்ஸியான்னு ஒரு முஸ்லிம் பொண்ணு, அவங்க வாப்பாவக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, ரெண்டு மணி நேரம் ஒண்ணா ஒக்காந்த பழக்கம்தான், அவங்கதான் சொன்னாங்க, நீங்க போய்ச் சாப்புட்டுட்டு வாங்க அக்கா, நான் பாத்துக்குறேன், உங்க மூஞ்சியப் பாத்தாலே பயமா இருக்குன்னு. பயமா இருக்குன்னு சொன்னாங்களா, பாவமா இருக்குன்னு சொன்னாங்களா? எதுவா இருந்தா என்ன. எழும்பினேன், பேக்கத் தோள்ல மாட்டினேன், மாமி என்னையும் பாத்தாங்க பேக்கையும் பாத்தாங்க, ஒண்ணும் கேக்கல. சோறு வாங்கப் போறவளுக்கு உடுப்பு பேக் எதுக்கு? ராத்திரி வாட்டுல நிப்பாட்டிட்டாங்கன்னா மாத்திக்க ஒரு உடுப்பு வேணுமேன்னு கொண்டாந்த பேக்குதான் அது, ஆனா அத அங்கேயே மாமி காலடியில விட்டுட்டு வந்திருக்கலாமே. ஸ்டாண்டுல ஒரு கண்டக்டர்கிட்ட கொழும்பு பஸ் எத்தன மணிக்குன்னு ஒரு பொம்பள கேட்டா, கேட்டது என் கொரல்தான். பதினொன்றரைக்குன்னாரு. மணி பத்து அம்பது.

பத்தொம்பது நாள். மண்ணு எறங்கி பத்தொம்பது நாள் ஆச்சு. கொஸ்லந்தைக்கு மேல எங்க தேயிலைத் தோட்டத்துல மூணு நாள் விடாம மழ, நாலாவது நாள் மத்தியானம் மேல் மலையில இருந்து ஒரு சத்தம், கல்லு லொறி கொட்டுற மாதிரி, வரிசையா வீடு கட்டின ரெண்டு லயம் போச்சு, மூணாவது லயம் வெடிச்சு நிக்குது, நாப்பத்து மூணு குடும்பம் இப்ப தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல கெடக்குறோம். ஒரு உசுரும் போகல, அது ஆண்டவர் செஞ்சது. போகாம இருந்ததுக்கு நானும் ஒரு காரணம்னு எல்லாரும் சொல்றாங்க, அதத்தான் என்னால தாங்க முடியல... ஆனா அத அப்பறம் சொல்றேன். பள்ளிக்கூடத்துல படுத்த மொத நாள்ல இருந்து எல்லாத்துக்கும் ஜெனீராக்காதான், அதாவது நான்தான். நான் பிள்ளைக் காம்பராவுல வேல செய்யுறவ, கொழுந்து எடுக்கப் போற அம்மாமாரு வேல முடிஞ்சு வர்ற வரைக்கும் அவங்க குழந்தைங்கள வச்சுப் பாத்துக்குற எடம் அது, அதனால புள்ளைங்களுக்குப் பால் காய்ச்சணும்னா ஜெனீராக்கா, அரிசி வந்தா பங்கு போட ஜெனீராக்கா, கிராம சேவகருக்கு லிஸ்ட் எழுத ஜெனீராக்கா, ரெண்டு பொம்பளைங்க தண்ணிக் குழாய்ல சண்ட போட்டா நடுவுல நிக்க ஜெனீராக்கா, காய்ச்சல் வந்தா, கனவு கண்டு யாராவது கத்தினா, சாமான் தேடப் போறேன்னு இடிஞ்ச லயத்துக்குள்ள எவனாவது போனா. நாலு நாளைக்கு முன்ன நின்னுக்கிட்டே கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தேன், கத்தி கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுக்கத் தெரியல. நெஜமாத்தான். குனியணும்னு தெரியுது, எப்படிக் குனியுறதுன்னு தெரியல. என் மகள் விதுர்ஷா வந்து எடுத்துக் கையில குடுத்தா, அம்மா என்னம்மான்னு கேட்டா, ஒண்ணுமில்லடின்னேன். அதுக்கு மேல மாமி காலு. சீனி வருத்தம், சக்கர வியாதி, சேத்துல நடந்து பெருவிரல் புண்ணாகி, கட்டு அவுக்கும்போதெல்லாம் நாத்தம். போன வாரம் கிளினிக்குல சொன்னாங்க, அடுத்த தடவ பாத்துட்டு விரல எடுக்குறதா இல்லையான்னு முடிவு சொல்றோம்னு. அந்த அடுத்த தடவதான் இன்னிக்கு. அத நெனச்சு நாலு நாளாப் பொட்டுத் தூக்கம் இல்ல, விரல எடுத்துட்டா பள்ளிக்கூடத்துத் தரையில எப்படி வச்சுப் பாக்குறது, கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போறது யாரு, யாருன்னு என்ன கேள்வி, ஜெனீராக்காதான்.

கொழும்பு பஸ்ஸு பண்டாரவளை, அப்புத்தளை தாண்டிப் பெரகல சந்தி வழியாத்தான் போகும். அத நெனச்சப்பதான் சிரிப்பு வந்துச்சு. ஓடிப்போறவ தன் ஊரு முக்குலயே நின்னுதான் ஓடணும். பெரகலையில பஸ்ஸு நிக்கும், வடை விக்கிறவங்க ஏறுவாங்க, அங்க கடை வச்சிருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு என்னத் தெரியும், நான் தலையக் குனிஞ்சு பேக்குல எதையோ தேடுற மாதிரி ஒக்காந்திருக்கணும், பஸ்ஸு வளஞ்சு எறங்குனதும் நிமுந்துக்கலாம், அதுக்கப்பறம் என்னத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல, சாயந்தரம் கொழும்பு. கொழும்புல அவரு, என் வீட்டுக்காரரு தயாபரன், சாப்பாட்டுக் கடைக் குசினியில வேல, மண்ணு எறங்கின மறுநாள் ஓடி வந்தாரு, ரெண்டு நாள் இருந்தாரு, லீவு இல்லன்னு போயிட்டாரு. நீ இருக்க, அதான் எனக்குப் பயமில்லன்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு முன்னால போய் நிக்கணும், உங்க அம்மா பதுளை ஆஸ்பத்திரி வாங்குல இருக்காங்க, கையில எண்பத்தி நாலு, போய்ப் பாத்துக்கங்கன்னு சொல்லணும், சொல்லிட்டு எங்கயாவது ஒரு மூலையில படுக்கணும். அவ்வளவுதான் என் ஆச. கொழும்பு பாக்கவா போறேன்? விதுர்ஷாவ நெனச்சனான்னு கேட்டா, நெனச்சேன். பதிமூணு வயசுப் புள்ள, பள்ளிக்கூடத்து மூலையில பாய விரிச்சு எனக்கும் எடம் வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பான்னு நெனச்சேன். நெனச்சும் அந்த ஸ்டாண்டுல நின்னுக்கிட்டுதான் இருந்தேன், அத யார்கிட்ட சொல்றது, இப்படி ஒருத்தின்னு என்ன எனக்கே அதுவரைக்கும் தெரியாது. தெரியாதா? பத்தொம்பது நாளா எனக்கு மட்டும் தெரிஞ்சதுதானே.

ஸ்டாண்டுல நிக்க முடியல, தோட்டத்து ஆள் யாராவது ஆஸ்பத்திரிக்கு வந்து என்னக் கண்டுட்டா, எங்க போறீங்கன்னு கேட்டா... நாப்பது நிமிஷத்த எங்கயாவது கழிக்கணும். மாதா கோயில் கதவு தொறந்திருந்துச்சு, அதனாலதான் போனேன், செபம் சொல்லப் போகல. சத்தியமா செபம் சொல்லப் போகல. பத்தொம்பது நாளா செபமாலைய எடுத்தா ரெண்டாவது மணியிலயே யாராவது கூப்புடுவாங்க, அப்பறம் எடுக்குறதையே விட்டுட்டேன், ஆண்டவரும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல, அப்படியே ஆயிருச்சு எங்களுக்குள்ள. உள்ள போனதும் குளுகுளுன்னு இருந்துச்சு. வெளிய பஸ்ஸு ஹோனு, கீர வண்டிக்காரன் சத்தம் எல்லாம் கேட்டுச்சு, ஆனா தூரத்துல கேக்குற மாதிரி. நற்கருணைப் பெட்டிகிட்டச் செகப்பா ஒரு வெளக்கு. பின்னால ஓரத்துல தூணுக்குப் பக்கத்து வாங்குல ஒக்காந்தேன், பேக்க மடியில வச்சுக்கிட்டேன், பஸ்ஸுல ஒக்காந்திருக்குற மாதிரியே. செவத்துல ஒரு படம், சின்ன வயசுல மறைக்கல்வி வகுப்புல சிஸ்டர் கதையாச் சொன்னது, கடல்ல புயல், படகுக்குள்ள தண்ணி ஏறுது, சீடருங்க பயந்து நடுங்குறாங்க, ஆண்டவரு பின்னால ஒரு தலையண போட்டுத் தூங்குறாரு. அப்ப சிஸ்டர்கிட்ட நான் கேட்டது ஞாபகம் வந்துச்சு, அவ்வளவு சத்தத்துல எப்படி சிஸ்டர் தூக்கம் வந்துச்சுன்னு. சிஸ்டர் என்னமோ விளக்கம் சொன்னாங்க, விசுவாசம், வல்லமைன்னு, மறந்துபோச்சு. இப்ப அந்தப் படத்தப் பாக்கப் பாக்கக் கோவம்தான் வந்துச்சு. நீர் தூங்குறீர். உமக்குத் தலையண வேற. நாங்க வாளி வாளியாத் தண்ணி எறைக்குறோம், நீர் தூங்குறீர், இது உமக்கு நல்லா இருக்கான்னு கேட்டேன், வாய் விட்டே கேட்டேன் போல, முன்னால பூச்சாடி கழுவிக்கிட்டு இருந்த ஒரு அம்மா திரும்பிப் பாத்தாங்க, பாத்துட்டு மறுபடியும் கழுவப் போயிட்டாங்க.

கோவத்துல வாயத் தொறந்ததுல அதுவும் வெளிய வந்துருச்சு. நான் சொல்ல நெனைக்கவே இல்ல. ஆண்டவரே, நான் ஒடனே போகலன்னு சொன்னேன். நாலு வார்த்த. பத்தொம்பது நாளா நெஞ்சுல கல்லாட்டம் கெடந்தது. அன்னிக்கு மத்தியானம் பிள்ளைக் காம்பராவுல பதினொரு புள்ளைங்க, சோறு ஊட்டிப் படுக்கப் போட்டிருந்தேன், கூட வேல செய்யுற பொண்ணு மழையினால வரல, நான் மட்டும்தான், அந்தச் சத்தம் கேட்டுச்சு, பின்கதவு வழியா செவப்புத் தண்ணி உள்ள வந்துச்சு. எழுப்புனேன், ரெண்ட இடுப்புல தூக்கினேன், மத்ததுகள சீலத் தலப்பப் புடிச்சுக்கச் சொன்னேன், ரோட்டத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் படிக்கு வந்து சேந்தேன், எண்ணினேன், பத்து. பின் ரூமுல தொட்டில்ல தயானியோட கைக்குழந்தை கிரிஷாந்தன், பத்து மாசம், அவன விட்டுட்டு வந்துட்டேன். மறந்துட்டேன். அது பதட்டத்துல நடந்தது, அத என்னால மன்னிச்சுக்க முடியும். ஆனா ஞாபகம் வந்த பிறகு நின்னேனே. மேல் மலையப் பாத்தேன், மரம் ஒவ்வொண்ணா சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நான் போனா திரும்ப மாட்டேன், விதுர்ஷாவுக்கு அம்மா வேணும்னு தோணுச்சு, கால் கெட்டியா ஒட்டிக்கிச்சு, ஒண்ணுல இருந்து இருவது எண்ணுற நேரம், கூடவே இருக்கலாம், அப்படியே நின்னேன். போகாம இருந்துரலாம்னுகூட நெனச்சேன். அப்பறம் போனேன். எப்படிப் போனேன்னு தெரியல. அவன் முழிச்சுக்கிட்டுத் தொட்டில்ல கால் விரலப் புடிச்சு வெளையாடிக்கிட்டு இருந்தான், என்னப் பாத்துச் சிரிச்சான். தூக்கிட்டு வந்தேன், கொஞ்ச நேரத்துல பின் செவரு விழுந்துச்சு. ஊரே சொல்லுது, உசுரப் பெருசா நெனைக்காம, ஒரு நிமிஷம் யோசிக்காம ஓடினா ஜெனீரான்னு. தயானி தினமும் சாயந்தரம் அவன என் மடியில போட்டுட்டு, நீங்கதாங்கக்கா இவனுக்கு ரெண்டாவது அம்மாங்குறா. அதக் கேக்கும்போதெல்லாம் எழும்பி ஏதாவது வேல செய்யப் போயிருவேன். வேல செஞ்சா அந்த இருவது எண்ணின நேரத்த அடச்சுரலாம்னு நெனச்சேனோ? ஒருத்தருக்கும் இல்லன்னு சொல்லக்கூடாது, ஒக்காரக்கூடாது, தூங்கக்கூடாதுன்னு எனக்கு நானே தண்டன போட்டுக்கிட்டேனோ? யோசிச்சேன், ஆண்டவரே, நல்லா யோசிச்சேன், ஒடனே போகல. அவ்வளவுதான் சொன்னேன். மன்னியும்னுகூடச் சொல்லல. அடுத்து என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்...

கண்ணத் தொறந்தப்ப மூஞ்சிக்குக் கிட்ட மரப்பலக. எங்க இருக்கேன்னே புரியல. வாங்குல கால நீட்டிப் படுத்திருக்கேன், தலைக்குக் கீழ முழந்தாள் போடுற மெத்த ஒண்ணு, அத நான் வைக்கல, மேல ஒரு பழைய பீடத் துணி போத்தியிருந்துச்சு, அதயும் நான் போத்தல, என் செருப்பு ரெண்டும் வாங்குக்கு அடியில ஜோடியா இருந்துச்சு. வாயோரம் எச்சி. பேக்கு என் வயித்தோட அணச்சு இருந்துச்சு, குழந்தையப் போட்டுத் தூங்குற மாதிரி. பூச்சாடி கழுவின அந்தம்மா முன் வாங்குல ஒக்காந்து பூத்தண்டு நறுக்கிக்கிட்டு இருந்தாங்க, சிங்கள அம்மா, ரொம்பக் களைப்பு போலன்னு சிங்களத்துல சொன்னாங்க, ஆமாங்கன்னேன். மணி என்னன்னு கேட்டேன். ஒண்ணு பத்து. ஒண்ணு பத்தா? பஸ்ஸு போயி ஒண்ணே முக்கா மணி நேரம் ஆகப்போகுது, இப்ப பெரகலையத் தாண்டியிருக்குமோ என்னமோ, ஒரு சீட்டு காலியாப் போய்க்கிட்டு இருக்கும். ஐயோ மாமின்னு எழும்பினேன், அந்தம்மா கையக் காட்டி ஒக்காரச் சொன்னாங்க, உள்ள போயி ஒரு கோப்பத் தேத்தண்ணியும் ரெண்டு வாழப்பழமும் கொண்டாந்தாங்க, குடிச்சுட்டுப் போன்னாங்க, ஒண்ணும் விசாரிக்கல. குடிச்சேன். தேத்தண்ணி தொண்டையில எறங்குறது தெரிஞ்சுது, இனிப்பு தெரிஞ்சுது, நாக்குக்கு ருசி திரும்பி வந்திருக்கேன்னு ஆச்சரியமா இருந்துச்சு. படத்தத் திரும்பிப் பாத்தேன். அவரு இன்னும் தூங்கிக்கிட்டுதான் இருந்தாரு. ஆனா படகு முழுகல, அத இவ்வளவு வருஷமா நான் கவனிக்கல, அவரு தூங்குனாலும் முழுகல... அப்ப அந்தப் படகுல இருந்த மத்தவங்களும் செத்த நேரம் படுத்திருக்கலாமோ? பக்கத்துலயே, அதே தலையணையில கொஞ்சம் எடம் கேட்டு? சொல்லிட்டேனே, இனிமே திரும்ப அள்ளி உள்ள வைக்க முடியாது, சொன்னதக் கேட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது, சொன்னவுடனே என்னத் தூங்க வச்சாருன்னு மட்டும் தெரியும். திட்டுறதா இருந்தா தூங்க விட்டிருப்பாரா. அழுக வந்துச்சு, அதுவும் லேசா, மழ விட்ட பிறகு கூர சொட்டுற மாதிரி, பிடிச்சு வைக்கணும்னு தோணல.

ஓட்டமும் நடையுமா ஆஸ்பத்திரிக்குப் போனா வாங்கு காலி. வாட்டுல போட்டுட்டாங்களோன்னு உள்ள ஓடப் பாத்தேன். இல்ல, பக்கத்துல மருந்து எடுக்குற எடத்துல ஒக்காந்திருக்காங்க ரெண்டு பேரும், மாமி பனிஸ் தின்னுக்கிட்டு, ஹம்ஸியா அவங்க வாப்பாவோட மருந்துப் பையக் கையில வச்சுக்கிட்டு. எண்பத்தி நாலு எப்பவோ கூப்புட்டு முடிஞ்சிருச்சு. வயசானவங்கள முன்னால விட்டாங்களாம், ஹம்ஸியாவே மாமியத் தள்ளுவண்டியில வச்சு உள்ள கொண்டு போயிருக்காங்க, கட்டு அவுத்தப்ப கையப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க. டொக்டர் பாத்துட்டு சதை நல்லா செவந்து வருது, புண்ணு ஆறுது, விரல எடுக்கத் தேவையில்ல, ரெண்டு வாரத்துல வாங்கன்னு சொல்லிட்டாராம். எடுக்கத் தேவையில்ல. நாலு நாள் தூங்காம எதுக்கு முன்னால நான் ஒக்காந்திருக்கணும்னு நெனச்சேனோ அது நான் தூங்கும்போது நடந்து முடிஞ்சிருக்கு, நான் இல்லாமலே, நல்லபடியா. நான் மன்னிச்சுக்கங்க மன்னிச்சுக்கங்கன்னு ஹம்ஸியா கையப் புடிச்சுக்கிட்டேன், அவங்க, பரவால்ல அக்கா, எங்க வாப்பாவும் உங்க மாமியும் நல்லா சண்ட போட்டாங்க, பொழுது போச்சுன்னு சிரிச்சாங்க. அப்பறம் கொஞ்சம் தள்ளிக் கூட்டிட்டுப் போயி மெதுவாச் சொன்னாங்க, நான் பயந்துட்டேன், நீங்க வரமாட்டீங்களோன்னு, உங்க மாமிதான் பயப்படல, வந்துருவா வந்துருவான்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்கன்னு. மாமியப் பாத்தேன். மாமி என் மூஞ்சியப் பாத்தாங்க, கன்னத்துல பலகக் கோடு விழுந்திருக்குன்னாங்க, அவ்வளவுதான், பனிஸ்ல பாதிய நீட்டினாங்க. பேக்க எடுத்துட்டுப் போனதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அந்த மனுசிக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது, நான் கேக்கல, பனிஸத் தின்னேன்.

மருந்து வர்றதுக்குள்ள அவருக்குப் போன் எடுத்தேன். குசினிச் சத்தம், கொத்து ரொட்டி போடுற சத்தம், மத்தியான நேரம், அப்பறம் எடுக்குறேன்னாரு. வேணாம், இப்பவே கேளுங்கன்னேன். என் கொரல்ல என்னமோ இருந்திருக்கணும், சத்தம் கொறஞ்சுது, வெளிய வந்திருப்பாரு. அம்மா விரல எடுக்கலன்னு மொதல்ல சொன்னேன், அவரு மூச்சு விட்டது கேட்டுச்சு. அப்பறம் சொன்னேன், எனக்கே தெரியாம இவ்வளவு நிதானமா வந்துச்சு அந்தப் பேச்சு.

"நான் இன்னிக்கு ஓடிப்போகப் பாத்தேங்க. கொழும்பு பஸ்ஸுக்குப் போய் நின்னேன். உங்க அம்மாவ விட்டுட்டு."

அவரு, நீ சமாளிச்சுக்குவன்னு நெனச்சேன் ஜெனீரான்னாரு, அத ஒரு குத்தமாச் சொல்லல, நெஜமாவே அப்படித்தான் நெனச்சிருக்காரு, நான்தான் நெனைக்க வச்சேன், எப்ப போன் எடுத்தாலும் ஒண்ணுமில்ல, சரியா இருக்கு, நீங்க சாப்டீங்களான்னுதானே கேட்டேன்.

"சமாளிக்கலங்க. நான் ஒரு ஆளுதான். நீங்க வாங்க."

"லீவு தரமாட்டாங்களே..."

"கேட்டுப் பாருங்க. தரலன்னாலும் வாங்க."

முந்தியா இருந்தா இத சண்டையா ஆக்கியிருப்பேன், இல்ல சொல்லாமலே முழுங்கியிருப்பேன். இப்ப கோவமே இல்ல, தண்ணி வேணும்னு கேக்குற மாதிரி கேட்டேன். கொத்துச் சத்தம் ஒரு பாட்டம் கேட்டு ஓஞ்சுது. சனிக்கெழம காலையில வாறேன், ஒரு மாசம் நிக்கிற மாதிரி வாறேன், வேல போனா வேற வேலன்னாரு. அவரு கொரல் ஒடஞ்சிருந்துச்சு. அழுறீங்களான்னு கேக்கணும்னு இருந்துச்சு, கேக்கல, அவரயும் கொஞ்சம் அழ விடுவோம்னு இருந்துட்டேன். ராச்சாப்பாட்டுக்கு நான் வர நேரமாகும்னு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு போன் எடுத்தேன், நீங்களே பாத்து ஆக்கிக்கங்கன்னு சொன்னேன், சொல்லிட்டு ஏதாவது பதில் வரும்னு காதப் பொத்திக்காத குறையா நின்னேன், விதுர்ஷாதான் எடுத்தா, சரிம்மான்னா, மத்தியானத்துக்கே நான் சம்பல் இடிச்சாச்சு, தயானியக்கா சோறு வச்சுட்டாங்க, ராவுக்கும் பாத்துக்குறோம், பாட்டி காலு என்னாச்சுன்னா. அவ்வளவுதான். வானம் இடிஞ்சு விழல. சந்தோசமாத்தான் இருந்துச்சு, கூடவே எங்கயோ ஒரு ஓரத்துல சுருக்குன்னு ஒண்ணு குத்துச்சு, இவங்களுக்கு நான் இல்லாமலும் சோறு வேகுதான்னு. என்ன மனசு இது.

ரெண்டே காலு பஸ்ஸுல ஜன்னலோரமா மாமி, பக்கத்துல நான், கட்டுப் போட்ட காலு என் மடியில. பண்டாரவளை தாண்டினதும் மூடுபனி, கண்ணாடியெல்லாம் வெள்ள. எங்க போன புள்ள, கோயிலுக்கான்னு மாமி திடீர்னு கேட்டாங்க. அவங்க மாரியம்மனுக்கு வெளக்கு வைக்கிறவங்க, எங்க கோயிலுக்குள்ள ஒரு தடவ வந்திருக்காங்க, எங்க கல்யாணத்துக்கு. மாதா கோயிலுக்குன்னேன். என் பேரச் சொல்லி வேண்டிக்கிட்டியா? அப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்பவும் நான் வேண்டும்போது பேர் பேராச் சொல்லுவேன், மாமி பேரு, அவரு பேரு, விதுர்ஷா, செத்துப்போன எங்க அப்பா, மண்ணு எறங்கின புதுசுல நாப்பத்து மூணு வீட்டுப் பேரும் சேந்துக்கிச்சு, ஒருத்தர விட்டாலும் அவங்களுக்கு ஏதாவது ஆயிரும்னு ஒரு பயம். இன்னிக்கு அந்த வாங்குல ஒரு பேரச் சொல்லல. நெனைக்கக்கூட இல்ல. என்னப் பத்தி மட்டும் ஒரு வரி, அப்பறம் தூக்கம்.

"இல்ல மாமி. யார் பேரயும் சொல்லல. தூங்கிட்டேன்."

மாமி சீலத் தலப்பால கண்ணாடிப் பனியத் தொடச்சாங்க.

"சரி, நாளைக்குச் சொல்லு"ன்னாங்க.

அப்பறம் அவங்களும் தூங்கிட்டாங்க, தல என் தோள்ல. நாளைக்கு எதுக்கு, இப்பவே சொல்லிரலாம்னு கண்ண மூடி ஆரம்பிச்சேன், மாமி, அவரு, விதுர்ஷா, கிரிஷாந்தன்... கிரிஷாந்தன் பேருல நின்னுருச்சு. தயானிகிட்ட சொல்லணுமா? ஆண்டவர்கிட்ட சொன்னது போதுமா, இல்ல அந்தப் புள்ளையப் பெத்தவகிட்டயும் சொல்லணுமா, சொன்னா அவன என் மடியில போடுறத நிறுத்திருவாளா, இல்ல... தெரியல. ஆனா ஒண்ணு, கேள்வி வந்துச்சு, எழும்பி ஓடி வேல செய்யணும்னு தோணல, கேள்வி பாட்டுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்துச்சு, நானும் ஒக்காந்திருந்தேன். பஸ்ஸு அப்புத்தளையில இருந்து வளஞ்சு வளஞ்சு எறங்குது, மாமி கால் மடியில கனக்குது, தோள் மரத்துப்போச்சு, காலையில வந்தப்பவும் இதே கனம்தான், இதே கால்தான், கொறஞ்சுதுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல, அப்பறம் ஏன் நாங்க எறங்க வேண்டிய பெரகல வந்துருமோன்னு இருக்கு, ஏன் இன்னும் கொஞ்சம் தூரம் இப்படியே போனா நல்லா இருக்கும்னு...